பெர்சனல் டிரெய்னர் ஆக ஆசை, ஆனால் எனக்கென்று ஒரு கொள்கை இல்லையே?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். வயது 27, கோவையில் சாஃப்ட்வேர் வேலை, கல்லூரிக் காலத்திலிருந்து ஜிம் பழக்கம், இப்போது முழுநேர பெர்சனல் டிரெய்னர் ஆக ஆசை. எந்தச் சான்றிதழ் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "ஒரு மாஸ்டர் வெயிட் மட்டும் போதும் என்கிறார், இன்னொருவர் ஃபங்ஷனல் டிரெய்னிங்தான் எல்லாம் என்கிறார், மூன்றாமவர் யோகாவே போதும் என்கிறார், எனக்கென்று ஒரு ஃபிட்னஸ் ஃபிலாசஃபி இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வரலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழ் கேள்விக்கு ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம், கீழே சொல்கிறேன். உங்களை உறுத்துவது இரண்டாவது கேள்வி என்று நினைக்கிறேன். நாளைக்கு ஒருவர் பணம் கட்டிவிட்டு என் முன்னால் வந்து நின்றால், இதைச் செய்யுங்கள் என்று நான் எந்த நம்பிக்கையில் சொல்வேன்? இதைத்தான் கேட்கிறீர்கள். தொழிலுக்கு வருவதற்கு முன்பே இதைக் கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் சென்னையில் பல வருடம் ஜிம்மில் ஃப்ளோர் டிரெய்னராக இருந்து, பிறகு தனியாக பி.டி. (பெர்சனல் டிரெய்னிங்) கிளையன்ட்களுக்கு மாறியவன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். சுகர், பி.பி., முட்டிவலி, முதுகுவலி இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்கும். ஆணழகன் போட்டிக்கு யாரையும் நான் தயார் செய்ததில்லை, விளையாட்டு வீரர்களோடும் அதிகம் வேலை பார்த்ததில்லை. என் பதிலின் சாய்வு அங்கிருந்து வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கொள்கை விஷயம். அது முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியதில்லை. 22 வயதில் உறுதியான கொள்கையோடு வருகிற டிரெய்னர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தங்கள் உடம்பில் பலித்த ஒன்றைத்தான் கொள்கை என்று வைத்திருப்பார்கள். இருபது வயதில், நல்ல தூக்கமும் வீட்டுச் சாப்பாடும் இருக்கும்போது, எந்தப் பயிற்சி செய்தாலும் உடம்பு ஏறும். அந்தப் பலனுக்குக் காரணம் அந்த முறையா, அந்த வயதா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. உங்களைப் போல் இல்லாத உடம்புகளோடு வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எது முறை, எது அதிர்ஷ்டம் என்று பிரியும். எதிலும் முழு நம்பிக்கை வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கொள்கை இல்லாமல் வரலாம் என்பதற்கு, அடிப்படை தெரியாமல் வரலாம் என்று அர்த்தம் இல்லை. உறுதியாகத் தெரிந்த சில விஷயங்கள் இந்தத் துறையில் உண்டு. அவற்றில் முதலாவது, சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது. இதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற டாக்டர் இருந்தார். முட்டியில் அடிபட்ட வீரர்களுக்கு அப்போது லேசான எடையில் நிறைய தடவை காலை ஆட்டச் சொல்வதுதான் வழக்கம். டிலார்ம் எடையை வாரா வாரம் கூட்டினார். மெலிந்துபோன தொடைகள் வேகமாகத் தேறின. 1945இல் அதை எழுதி வெளியிட்டார். ஆரம்பத்தில் அவர் கொடுத்தது பத்துப் பத்து தடவையாக ஏழு செட்டும் அதற்கு மேலும் (ஓய்வெடுக்காமல் செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்). 1948க்குள் அது தேவையில்லை என்று கண்டு மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார்: ஒருவரால் பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எவ்வளவோ, அதில் பாதி முதல் செட்டில், முக்கால் பங்கு இரண்டாவதில், முழு எடை மூன்றாவதில். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். சுமை கூட வேண்டும் என்ற அடிப்படையை அவர் விடவில்லை, எத்தனை செட் என்ற முறையை மூன்றே வருடத்தில் மாற்றிக்கொண்டார். ஒரு டிரெய்னருக்கு எதில் பிடிவாதம் வேண்டும், எதில் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

உறுதியான இன்னும் இரண்டைச் சொல்கிறேன். எதைப் பழகுகிறோமோ அதில்தான் உடம்பு தேறும். ட்ரெட்மில்லில் எவ்வளவு நடந்தாலும் தரையிலிருந்து எழுந்திருக்கும் வலு தானாக வந்துவிடாது. அடுத்தது, வலுவைக் கூட்ட வயது தடையில்லை. 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. பத்தே பேர் என்பதால் அந்த எண்ணைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதியவர்களுக்கு எடைப் பயிற்சி பலன் தரும் என்பதைப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் உறுதி செய்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதையொட்டித்தான்: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, 65 வயதுக்கு மேல் இவற்றோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி. வாக்கிங் போகிறேனே, போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

பாதி உறுதி, பாதி சந்தேகம் என்று ஒரு வகை இருக்கிறது. அதைப் படிக்கப் பழகாவிட்டால் வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொரு ஆய்வும் உங்களை ஒரு பக்கம் இழுக்கும். லண்டன் மாடி பஸ் ஆய்வு கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்ரி மாரிஸ் என்பவர் 1953இல் வெளியிட்டது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்பதற்கு இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே மாரிஸ் சில வருடம் கழித்து அந்த ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது, இளம் வயதுக்காரர்களிடமும் அதே கதைதான். அப்படியானால் வேலைக்குச் சேரும்போதே இரண்டு கூட்டமும் வேறு வேறு உடம்போடு வந்திருக்கலாம். உழைப்பு இதயத்துக்கு நல்லது என்ற முடிவு பிற்கால ஆய்வுகளால் நிலைத்துவிட்டது. ஆனாலும் ஒரே ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை, தன் ஆய்வையே சந்தேகத்தோடு பார்த்த அந்த மனிதரிடம் கற்றுக்கொள்ளலாம்.

உறுதியில்லாததையும் உறுதிபோலச் சொல்லும் பழக்கம் நம் ஜிம்களில் அதிகம். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்று சுவரில் சார்ட் ஒட்டியிருப்பார்கள். அது ஒரு சராசரி. ஒரு தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சர்வசாதாரணம். பி.பி.க்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த சார்ட் உதவவே உதவாது, மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. வெறும் வயிற்றில் கார்டியோ செய்தால் கொழுப்பு அதிகம் குறையும் என்பதும் அப்படித்தான். நாள் முழுக்கச் சாப்பிடும் அளவு ஒன்றாக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. கனமான எடையில் குறைந்த ரெப்ஸா (ஒரு செட்டில் தூக்கும் தடவைகள்), லேசான எடையில் நிறைய ரெப்ஸா என்ற சண்டையில், தசை வளர்ச்சியை மட்டும் பார்த்தால், கடைசி ரெப்ஸ் உண்மையிலேயே கஷ்டமாக இருக்கும்வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. வலு வேண்டுமானால் கனம் வேண்டும். இப்படி ஆதாரம் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் இடங்களில் வருகிறவரின் விருப்பத்தையும் வசதியையும் பார்த்து முடிவெடுங்கள். உங்கள் மூன்று மாஸ்டர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி என் கொள்கை எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதை நெருங்கிய ஓர் அம்மா, சுகரும் பி.பி.யும் உண்டு. மகள்தான் கூட்டிவந்து, எடை குறைய வேண்டும் என்றார். மகள் போனபிறகு அந்த அம்மாவிடம், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். "மார்கழிக்குள்ள குனிஞ்சு உக்காந்து கோலம் போடணும் தம்பி. போன வருஷம் வேலைக்காரப் பொண்ணுதான் போட்டுச்சு" என்றார். நான் எழுதி வைத்திருந்த திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டேன். அவர் வீட்டுக் கூடத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணை. அதில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் ஐந்தாவது தடவையில் முட்டி இரண்டும் உள்பக்கம் சாய ஆரம்பித்தது, அதோடு நிறுத்தினோம். அது சரியானதும் ஒரு தலையணையை எடுத்தோம். பிறகு வெறும் நாற்காலி, பிறகு குளியலறை ஸ்டூல், கடைசியில் பூஜை அறையில் கிடந்த மணை. நடுவில் ஒரு இடத்தில் பின்னால் சாய்ந்து விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்து நின்றுபோனார். இரண்டு கிலோ டம்பெல் ஒன்றை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். எடை முன்னால் போனதும் உடம்பின் பாரம் பாதத்தின் நடுவுக்கு வந்தது, பயமில்லாமல் இறங்கினார். வெறும் கையோடு முடியாததை எடை பிடித்துக்கொண்டு செய்ய முடிந்ததில் அவருக்கு ஆச்சரியமான ஆச்சரியம்.

அவர் சுகருக்குக் காலையில் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவர். அந்த வகை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சியின்போது சுகர் திடீரென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நேரம் மாற்றவோ சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. அதை அவர் டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னேன். என் பங்கு, எப்போது சாப்பிட்டார் என்று ஒவ்வொரு நாளும் கேட்பது, பக்கத்தில் சர்க்கரையும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்ப்பது, குளிர்ந்த வியர்வையோ நடுக்கமோ பேச்சில் தடுமாற்றமோ தெரிந்தால் உடனே நிறுத்துவது. பி.பி. மாத்திரையும் இருந்ததால் துடிப்பு எண்ணுவதை விட்டுவிட்டு, பேச முடிகிறதா என்று மட்டும் பார்த்தேன். பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் மிதமான உழைப்பு. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். அந்த மார்கழியில் அவர் போட்டது சிறிய புள்ளிக் கோலம். எடை பெரிதாகக் குறையவில்லை, மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்படிப் பலரோடு வேலை பார்த்ததில் எனக்குள் சில பழக்கங்கள் படிந்தன. முதல் நாள் எடை மிஷினில் ஏற்றுவதற்கு முன்பு, உடம்பால் எதைச் செய்ய முடியாமல் போனது வருத்தமாக இருக்கிறது என்று கேட்பேன். தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, சுமந்து நடப்பது இந்த ஐந்தும் ஏதோ ஒரு வடிவத்தில் எல்லாருடைய அட்டவணையிலும் இருக்கும். எந்த வடிவம் என்பது ஆளைப் பொறுத்தது. அடுத்த நாள் படியிறங்க முடியாத அளவுக்கு யாரையும் வாட்ட மாட்டேன், ஏனென்றால் அந்த வலிக்குப் பயந்து திரும்பி வராதவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். 45 நாளில் கல்யாணம், சிக்ஸ் பேக் வேண்டும் என்று வருகிற தம்பிகளிடம் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். இதை நீங்கள் ஃபிலாசஃபி என்று அழைத்தால் இதுதான் என்னுடையது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கல்லூரிக் கால்பந்து அணியோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு இதில் பாதி பொருந்தாது.

உங்களுடையது உருவாக என்ன செய்யலாம்? ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒருவருக்கு ஒரு பயிற்சி கொடுக்கும்போது அதன் பக்கத்தில் ஏன் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "ஷோல்டர் டே அதனால" என்பது பதிலாகாது. "மேல் அலமாரியில் இருந்து பாத்திரம் எடுக்கத் தோள் தூக்க முடியவில்லை, அதனால்" என்பது பதில். சில மாதம் கழித்துப் புரட்டினால், எந்தப் பயிற்சிக்கு உங்களால் காரணம் எழுத முடியவில்லை என்பது தெரியும். அவற்றைப் பழக்கத்தால் மட்டும் கொடுத்துவந்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் காசு வாங்காமல், உங்களுக்கு நேர் எதிரான உடம்புள்ள நாலைந்து பேரைப் பிடியுங்கள்: சித்தப்பா, அத்தை, ஆபீசில் நாற்காலியை விட்டு எழாத நண்பர், ஒரு பள்ளிப் பையன். அவரவர் டாக்டரிடம் சரி என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். அந்த மூன்று மாஸ்டர்களிடமும் போய், அவர் சொல்வது சரி என்று ஏற்றுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் சில மாதம் மாணவராக இருங்கள். பழைய தேகப்பயிற்சி சாலைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சொல்லித்தரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கர்லா சுற்றியவர்களின் தோள் எவ்வளவு தாராளமாகத் திரும்பும் என்று நேரில் பார்த்தால், எல்லா அறிவும் வெளிநாட்டுச் சான்றிதழில் மட்டும் இல்லை என்பது புரியும். அதே பெரியவர் முதுகுவலிக்காரருக்கும் நூறு பஸ்கி சொன்னால், அதைப் பணிவோடு கேட்டுக்கொண்டு விட்டுவிடவும் தெரிய வேண்டும்.

சான்றிதழுக்கு வருகிறேன். இந்தியாவில் டாக்டருக்கோ வக்கீலுக்கோ இருப்பதுபோல் டிரெய்னருக்குக் கட்டாயப் பதிவு கிடையாது. அதனால் ஜிம் முதலாளி எதை மதிக்கிறார், உங்களுக்கு எது உண்மையில் கற்றுத்தருகிறது என்ற இரண்டை மட்டும் பாருங்கள். நம் ஊரில் பெயர் தெரிந்த அமெரிக்கச் சான்றிதழ்கள் ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. நான்கும் தரமானவை, ஒன்று போதும். ஏ.சி.இ. தேர்வு மூன்று மணி நேரம், 150 கேள்வி, என்.ஏ.எஸ்.எம். இரண்டு மணி நேரம், 120 கேள்வி. முதல் கட்டணத்தோடு செலவு முடியாது என்பதைக் கணக்கில் வையுங்கள். ஏ.சி.இ.யும் என்.ஏ.எஸ்.எம்.மும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மற்ற இரண்டும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விளையாட்டு வீரர்களோடு வேலை பார்க்க விருப்பம் என்றால் என்.எஸ்.சி.ஏ.வின் சி.எஸ்.சி.எஸ். என்பதைக் குறி வைக்கலாம், அதற்குப் பட்டப்படிப்பு கட்டாயம். பள்ளி, கல்லூரிப் பக்கம் போக நினைத்தால் உடற்கல்விப் பட்டமே சரியான வழி: 1920இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அதற்காகவே இருக்கின்றன. எதைப் படித்தாலும், அதற்கு முன்பே சி.பி.ஆர். முதலுதவி வகுப்பை நேரில் போய், பொம்மை நெஞ்சில் கை வைத்து அழுத்திப் பழகுங்கள். இதை மட்டும் ஆன்லைனில் முடித்துக்கொள்ளாதீர்கள்.

சான்றிதழ் சொல்லித்தராத, நம் மக்களுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒல்லியாக இருப்பார், எடையும் சரியாக இருக்கும், ஆனால் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் ஒரு படம் வெளியிட்டார்கள்: இருவருக்கும் உயரமும் எடையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. ஒன்றேதான், உடம்பிலுள்ள கொழுப்பின் சதவீதம் மட்டும் யாஜ்னிக்குக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. உங்களிடம் வரப்போகிறவர்களில் பலர் அந்தக் கணக்கில் இருப்பவர்கள், அல்லது அதன் வாசலில் நிற்பவர்கள். எடையைக் குறைப்பது என்ற ஒரே குறியோடு சாப்பாட்டை வெட்டினால் அவர்களிடம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையும் போகும். இரண்டு இட்லியில் கிடைப்பது ஏறக்குறைய நான்கு கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறு. எடைப் பயிற்சி செய்பவருக்குத் தசை வளரப் பயன்படும் புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1.6 கிராம் வரை என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். இதைச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம். காலையில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ப்பதில் தொடங்கலாம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவரிடம் புரதத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அது அவர் டாக்டரின் வேலை.

இதை ஒட்டியே ஒரு கண்டிப்பான வார்த்தை. பல ஜிம்களில் டிரெய்னருக்கு சப்ளிமென்ட் விற்றால் கமிஷன் உண்டு. வே புரோட்டீனும் கிரியாட்டினும் நேர்மையான பொருட்கள்தான், தேவைப்படுபவருக்குச் சொல்லலாம். ஆனால் கமிஷன் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து உங்கள் ஆலோசனை எது, விற்பனை எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஸ்டீராய்டு விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். "ஒரு சைக்கிள் போட்டா போதும்ணா" என்று, சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுப்பதைப் பற்றி, இருபது வயதுப் பையன்கள் கேட்பார்கள். உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் நின்றுபோவது, இதயச் சுவர் தடிப்பது, குழந்தைப் பேறு பாதிக்கப்படுவது எல்லாம் நிரூபிக்கப்பட்ட விளைவுகள். வாங்கியும் தராதீர்கள், யாரிடம் கிடைக்கும் என்று கையும் காட்டாதீர்கள். அந்தப் பையன் வேறு ஜிம்முக்குப் போனால் போகட்டும்.

கடைசியாக வேலையை விடுவது. இந்தத் தொழிலின் நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து பத்து, மறுபடி மாலை ஐந்திலிருந்து பத்து. நடுவில் ஆறேழு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும். ஃப்ளோர் டிரெய்னர் சம்பளம் உங்கள் இப்போதைய சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பி.டி. கட்டணத்தில்தான் வருமானம், அதையும் ஜிம்மும் நீங்களும் பங்கு போட வேண்டும். அந்த விகிதத்தையும், கிளையன்ட் பாதியில் நின்றால் யாருக்கு எவ்வளவு என்பதையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஜனவரியில் கூட்டம் நிரம்பும், பரீட்சைக் காலத்திலும் தீபாவளி மாதத்திலும் பாதியாகும். ஆகவே இப்போதைக்கு வேலையை விடாமல், காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை இரண்டு பேரை மட்டும் எடுங்கள். ஒரு வருடம் அப்படிப் போகட்டும். மழை நாளில், தூக்கம் போதாத நாளில், முன்னேற்றமே தெரியாத ஒருவரோடு நிற்கும் காலையிலும் அவர் முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு ராஜினாமா கடிதம் கொடுக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின், பிரசவத்துக்குப் பின், டிஸ்க் பிரச்சினையோடு வருபவர்களை முதல் வருடம் தனியாக எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பழகி வைத்துக்கொண்டு, அவரிடம் அனுப்பி, அவர் சொன்னபிறகு தொடருங்கள்.